வளைவில் எஞ்சின் திணறினால்

பந்தயத் தடத்தின் நீண்ட வளைவில் எஞ்சின் ஒரு கணம் திணறி, நேர்ப்பாதைக்கு வந்ததும் தானாகச் சரியாகிவிட்டால், முதலில் எரிபொருள் டேங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். பக்கவாட்டு விசை 1 ஜி அளவை (புவியீர்ப்புக்குச் சமமான அளவை) எட்டும்போது பெட்ரோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 45 டிகிரி சாய்ந்துவிடுவதால், பம்பின் வாய் எரிபொருளுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கிறது. டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் கார்களில், டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியபின் வலப்பக்க வளைவுகளில் இது தலைகாட்டும். டேங்கை முக்கால் பங்குக்குக் குறையாமல் வைத்திருப்பது உடனடி வழி. எடை கூடும் என்பது உண்மைதான், ஆனால் காற்று-எரிபொருள் கலவையில் எரிபொருள் குறைந்து, சூடேறி பிஸ்டன் உருகுவதைவிட அது மேல். நிலையான தீர்வு, 1 முதல் 2 லிட்டர் கொள்ளும் சர்ஜ் டேங்க் எனும் சிறு துணை டேங்க்: முதன்மை டேங்கில் ஏற்கனவே உள்ள பம்ப் அதை இடைவிடாமல் நிரப்ப, தனியான உயர் அழுத்த பம்ப் அதன் அடியிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருளைத் தள்ளும், மிகுதியும் காற்றும் உச்சியிலிருந்து ஒரு குழாய் வழியாக முதன்மை டேங்குக்குத் திரும்ப வேண்டும்.