வண்டலூரில் பிறந்த காரை வண்டலூரிலேயே படமெடுக்க

புதுச்சேரி, கடலூர் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. கையில் இருப்பது ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ கெஸலோ என்றால், அது உருவான இடமான சென்னைப் பக்கத்து வண்டலூர், புதுச்சேரியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர்தான். கடலூரிலிருந்து கிளம்பினால் இன்னும் 20 கிலோமீட்டர் சேரும். அங்கே கொண்டுபோய் நிறுத்தி எடுக்கிற படத்தில் வண்டியும் இடமும் இரண்டுமே அடையாளம் தெரிய வேண்டும். பின்புலம் மங்கிப்போனால் அந்தப் படத்தை ராக் பீச்சிலேயே எடுத்திருக்கலாம். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு நோக்கத்துக்காகத்தான்.

முதலில் தகட்டைப் பாருங்கள்

கிளம்பும் முன் வண்டி எங்கே கட்டப்பட்டது என்பதை உறுதி செய்யுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் வண்டியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பழைய வண்டிகளில் எஞ்சின் மாற்றுவது சகஜம், எண் ஒத்துப்போகாவிட்டால் அதைக் குறித்து வையுங்கள். அம்பாசடர் என்றால் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா. பிரீமியர் பத்மினி என்றால் மும்பை குர்லா. ஆஸ்டின் ஏ40 என்றால் எண்ணூராக இருக்க வாய்ப்புண்டு. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்டாக மாறுவதற்கு முன் அங்கே பாகங்களைப் பூட்டி உருவாக்கிய கார் அது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்து சிட்ரோயன் டிராக்ஷன் அவான் யாரிடமாவது இருந்தால், பாரிஸில் அது தயாரான ஜாவெல் ஆலை இருந்த இடம் இப்போது ஆந்த்ரே சிட்ரோயன் பூங்கா.

வண்டலூர்க் கதை சற்று நுணுக்கமானது. அங்கே ஆலை நடத்திய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948இல் தொடங்கியது. வேன்கார்ட், ஸ்டாண்டர்ட் 10, பென்னன்ட், 1961இல் ஹெரால்டு, 1972இல் கெஸல், 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று வரிசையாக வந்தன. தொடக்க ஹெரால்டுகளுக்குப் பாகங்கள் இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்து பிரித்து வந்தன, பூட்டியது இங்கே. போகப் போக உள்நாட்டுப் பாகங்கள் கூடின. நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே வந்தது. உங்கள் வண்டி அந்த வகை என்றால் நான்கு கதவும் தெரியும் பக்கவாட்டுப் படம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

இடமும் அனுமதியும்

பெருங்களத்தூரையொட்டி ஜி.எஸ்.டி. சாலை ஓரம் இருந்த ஆலை நிலத்தில் இப்போது ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்பும் நிற்கின்றன. பழைய ஷெட்டைத் தேடி அலைய வேண்டாம். உள்ளே படமெடுக்க வளாக நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். வாசலில் போய்க் கெஞ்சினால் செக்யூரிட்டியால் எதுவும் செய்ய முடியாது. வண்டியின் படம், பதிவெண், வருகிறவர்கள் எத்தனை பேர், எத்தனை மணிக்கு வந்து எப்போது கிளம்புவீர்கள் என்பதையெல்லாம் ஒரே மின்னஞ்சலில் எழுதி, ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களை இணைத்து, மூன்று வாரம் முன்பே அனுப்புங்கள். ஞாயிறு காலை கேளுங்கள். வேலைநாளில் கம்பெனி பஸ்கள் வாசலை அடைத்துக்கொண்டிருக்கும்.

அனுமதி கிடைக்காவிட்டால் சர்வீஸ் ரோட்டில் வளாக வாசல், பெருங்களத்தூர் அல்லது வண்டலூர் என்று ஊர்ப்பெயர் எழுதிய பலகை, இரண்டையும் வைத்துப் படம் அமைக்கலாம். வண்டலூர் மலை பின்னால் விழுந்தால் இன்னும் நல்லது; ஆலை போனாலும் மலை அப்படியே இருக்கிறது, பழைய படங்களோடு ஒப்பிட அது உதவும். பிரதான சாலையில் ஒரு நிமிடம்கூட நிறுத்தாதீர்கள். பின்னால் வரும் லாரிக்காரர் 60இல் வருகிறார்.

இன்னொரு விஷயம். 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை 2021 விதிகளின்படி வின்டேஜ் வகையில், வி.ஏ. வரிசை எண்ணோடு பதிந்திருந்தால், அதைச் சாலையில் ஓட்டக் கட்டுப்பாடு உண்டு. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் அனுமதி. அப்படிப்பட்ட வண்டியைப் பிளாட்பெட் லாரியில் ஏற்றிக்கொண்டு போவதே சரி.

ஹெரால்டை வழிக்குத் தயார் செய்வது

எல்லோரும் பெயின்டைத் துடைப்பார்கள். நடுவழியில் நிறுத்துவது முன்சக்கரத்துக்கு அடியில் இருக்கும் டிரனியன். வெண்கலத் துண்டுக்குள் இரும்பு லிங்க் மறைபோலத் திரும்பும் இடம் அது. அங்கே கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் மறை இடுக்கின் மேல்வரை ஏறாது, காலப்போக்கில் கெட்டியாகி வழியையும் அடைத்துக்கொள்ளும். நடுவே தண்ணீர் புகுந்து துரு பிடிக்கும். உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். ஒரு நாள் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது லிங்க் முறிந்து சக்கரம் உள்ளே மடங்கிவிடும். ஜாக்கியில் தூக்கி, டிரனியனின் அடைப்பு பிளக்கைக் கழற்றி, இ.பி. 90 கியர் ஆயிலை மேல் சீலில் கசியும் வரை செலுத்துங்கள். வருகிற ஆயில் செம்பழுப்பாக இருந்தால் உள்ளே துரு இருக்கிறது. கழற்றிப் பார்க்காமல் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 0.4 மி.மீ., ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.64 மி.மீ. ஃபேன் பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் தணிய வேண்டும். இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை உப்பவும் வெடிக்கவும் வைக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றி, கிளிப்பையும் புதிதாகப் போடுங்கள். நான்கு சக்கரமும் டிரம் பிரேக் என்பதால் முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவில் தாராளமாக இடம் விடுங்கள். 55 முதல் 60 வேகம் போதும்.

திண்டிவனம் வழியாகப் போனால் மொரட்டாண்டி, ஆத்தூர், பரனூர் என்று மூன்று டோல்கேட். வரிசையில் நிற்கும்போது எஞ்சினோடு சேர்ந்து ஃபேனும் மெதுவாகச் சுற்றும், ரேடியேட்டர் சூடேறும், எஞ்சினில் இருக்கும் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி இருமி நிற்கும். ஓரமாகத் தள்ளி, பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறந்து, பம்ப் மேல் ஈரத்துணி சுற்றிக் கால்மணி நேரம் காத்திருந்தால் கிளம்பிவிடும். ரேடியேட்டர் மூடியை மட்டும் அப்போது தொடாதீர்கள். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ஈ.சி.ஆரில் போய், திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாக வண்டலூரைப் பிடிக்கலாம். லாரி குறைவு, உப்புக்காற்று அதிகம்.

இருட்டில் கிளம்பி விடியலில் சேரும் திட்டம் வேண்டாம். டைனமோ வண்டியில் ஹெட்லைட் எரிய டோல் வரிசையில் நின்றால் பேட்டரி இறங்கும். முந்தின நாளே போய்த் தாம்பரம் பக்கம் தங்குங்கள்.

வாசலில்

வாசல் எந்தத் திசை பார்க்கிறது என்று போன் காம்பஸில் முந்தின மாலையே பார்த்து வையுங்கள். கிழக்கு பார்த்தது என்றால் காலை 6.30 முதல் 8 வரை, மேற்கு என்றால் மாலை 4.30க்கு மேல். வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும்.

வண்டியை வாசலுக்கு 5 மீட்டர் முன்னால், சற்றுச் சாய்வாக நிறுத்துங்கள். கேமராவோடு அங்கிருந்து 8 முதல் 10 மீட்டர் பின்வாங்கி, ஹெட்லைட் உயரத்துக்குக் குனியுங்கள். நின்றபடி எடுத்தால் கூரைதான் பெரிதாகத் தெரியும். லென்ஸ் 50 முதல் 85 மி.மீ., அபர்ச்சர் எஃப்/8 அல்லது எஃப்/11. போன் என்றால் 2 மடங்கு ஜூம், போர்ட்ரெய்ட் மோட் போடவே வேண்டாம். அது பெயர்ப்பலகையைக் குழப்பிவிடும். பக்கத்தில் நின்று வைட் லென்ஸில் எடுத்தால் பானெட் யானைத் தலையாக வீங்கி, வாசல் தீப்பெட்டியாகச் சுருங்கும்.

முன்சக்கரத்தின் முகம் கேமராவுக்குத் தெரியும்படி ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்புங்கள். ஹெரால்டு சக்கரம் மிக அதிகமாகத் திரும்பும், முழுக்கத் திருப்பினால் அவலட்சணம். ஹப்கேப் எழுத்து நிமிர்ந்து நிற்க வண்டியை ஓரடி உருட்டுங்கள். கண்ணாடிகள் எல்லாம் ஏற்றி அல்லது எல்லாம் இறக்கி. ஃபாஸ்டேக்கை முதலிலேயே முன் கண்ணாடியில், ரியர்வியூ மிரருக்குப் பின்னால் ஒட்டியிருந்தால் படத்தில் துருத்தாது. டயருக்குப் பளபளப்பு ஜெல் பூச வேண்டாம், வெயிலில் வெள்ளையாகத் தெறிக்கும். குரோம் பம்பரில் உங்கள் சட்டையே தெரியும் என்பதால் அடர்நிற, டிசைன் இல்லாத சட்டை போடுங்கள். வெள்ளை வண்டிக்கு எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள், இல்லாவிட்டால் கதவு மடிப்புகள் காணாமல் போகும்.

சேஸிஸ் எண் தகட்டின் படத்தையும் அங்கேயே எடுங்கள். எண் பொறித்த இடத்தைத் துணியால் மட்டும் துடைக்கவும், உப்புத்தாள் போடவே கூடாது. தேய்ந்த எண் ஆர்.டி.ஓ. முன் பெரிய சிக்கலாகும். டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்தால் தேய்ந்த எண்ணும் நிழல் விழுந்து எழும்பித் தெரியும். வெளியே பகிரும்போது சேஸிஸ் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை மறையுங்கள், முழுப் படத்தை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அலசுங்கள், ஈ.சி.ஆர். வழி வந்திருந்தால் அன்றைக்கே. படத்தை அச்சிட்டால் பின்புறம் பென்சிலில் தேதி, இடம், பதிவெண், எஞ்சின் எண் எழுதுங்கள். கடலோர ஈரத்தில் லேமினேஷன் ஓரம் பிரிந்து உள்ளே பூஞ்சை பிடிக்கும். காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.