மரவள்ளிப் பசை, அவுரி நீலம்: வீட்டிலேயே அதிரே எலேகோ துணி செய்வோம்

நைஜீரியாவின் தென்மேற்கில், யொருபா மக்கள் வாழும் அபெயோகுட்டா, இபாதான், ஓஷோக்போ ஆகிய ஊர்கள் நீலச் சாயத் துணிக்குப் பேர்போனவை. அந்தத் துணிக்கு அதிரே என்று பெயர். நூலால் இறுக்கிக் கட்டிச் சாயம் போடுவது ஒரு வகை, ஊசியால் தைத்துச் சுருக்கிப் போடுவது இன்னொரு வகை. இங்கே நாம் செய்யப்போவது மூன்றாவது வகையான எலேகோ. வெள்ளைப் பருத்தித் துணியில் மரவள்ளிக்கிழங்கு மாவுப் பசையால் படம் வரைந்து, காயவைத்து, நீலத்தில் முக்க வேண்டும். பசை இருக்கும் இடத்தில் சாயம் அவ்வளவாக ஏறாது. பிறகு பசையைச் சுரண்டி எடுத்தால் படம் தெரியும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் எலேகோவைத்தான் சொல்வேன். கோடு தப்பாகப் போனால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வரையலாம். முடிச்சு வகையில் அந்த வசதி கிடையாது.

முதலில் நீலம் வாங்குவதில் ஓர் எச்சரிக்கை

நாட்டு மருந்துக் கடையில் ‘அவுரிப் பொடி’ என்று தலைமுடிக்கு விற்பார்கள். அது வெறும் இலைப் பொடி, இந்த முறைக்கு ஆகாது. இலையை ஊறவைத்து, கலக்கி, அடியில் படியும் நீலத்தை வடித்துக் காயவைத்த கட்டியோ அதன் தூளோதான் வேண்டும். திண்டிவனம் பக்கம் இன்றும் இது தயாராகிறது, இணையத்திலும் கிடைக்கும். வெள்ளை வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம் முற்றிலும் வேறு சரக்கு.

இது தவிர, மரவள்ளி மாவு ஒரு கப், படிகாரத் தூள் ஒரு டீஸ்பூன், நீற்றிய சுண்ணாம்புத் தூள் 40 கிராம், பிரக்டோஸ் (பழச் சர்க்கரை) 60 கிராம், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, வாய் அகன்ற ஒரு வாளி. நீலத் தூள் 20 கிராம் போதும். நீற்றாத சுண்ணாம்புக் கல்லை வாங்கிவிடாதீர்கள். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும்.

துணி

50 செ.மீ. சதுரம் போதும், ஆனால் நூறு சதவீதம் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்தால் சாயம் பிடிக்காது. புதுத் துணியில் ஆலைக் கஞ்சி இருக்கும். சலவை சோடா போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். வழவழப்பான துணியில் கோடு மெல்லிசாக விழும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஆலைத் துணி யொருபா சந்தைகளுக்கு மலிவாக வந்த பிறகுதான் எலேகோ பெரிதாக வளர்ந்தது.

பசை

மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். ஒரு கப்புக்கு இரண்டரை கப் தண்ணீர். படிகாரத்தைச் சேர்த்துச் சிறுதீயில் கைவிடாமல் கிளறினால் சீக்கிரமே பளபளப்பாகத் திரண்டு வரும். ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பதம் இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். சிலர் மயில்துத்தமும் சேர்ப்பார்கள். அது நஞ்சு, வீட்டுச் சமையலறையில் வேண்டாம்.

வரைதல்

துணியைப் பலகைமேல் விறைப்பாக ஒட்டிக்கொள்ளுங்கள். நைஜீரியாவில் பெண்கள் கோழி இறகாலும் ஈர்க்காலும் வரைவார்கள். அபெயோகுட்டாவில் ஆண்கள் தகரத்தில் வெட்டித்தரும் அச்சுத்தகடு வழியாகப் பசையைத் தேய்ப்பதும் உண்டு. இபாதான் கைவரைக்குப் பெயர் பெற்றது. மருதாணி கோன் நமக்குப் பழகிய கருவி, தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மனம்போன போக்கில் ஆரம்பிக்காமல் முதலில் துணியைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். பழைய எலேகோ துணிகள் பலவும் அப்படித்தான் இருக்கும், கட்டத்துக்கு ஒரு படம். ‘இபாதான்துன்’ என்ற புகழ்பெற்ற வடிவில், இபாதானில் 1929இல் திறக்கப்பட்ட மாப்போ மண்டபத்தின் தூண்கள் வரிசையாக நிற்கும், நடுநடுவே கரண்டிகள்! அரசு மண்டபத்தையும் அடுப்படிச் சாமானையும் அருகருகே நிறுத்திய அந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும். 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா வந்தபோது அவரும் ராணியும்கூட அதிரேயில் ஏறிவிட்டார்கள். முதல் துணிக்கு நான்கு கட்டம் போதும். ஒன்றில் மரவள்ளி இலை வரையுங்கள். அது அங்கேயே வழக்கத்தில் உள்ள வடிவம், விரல் விரித்தாற்போல் இருப்பதால் வரைவதும் சுலபம்.

பசை துணிமேல் மேடாக நிற்க வேண்டும். தடவினாற்போல் மெல்லிசாகப் போட்டால் சாயம் உள்ளே போய்விடும். ஒரு பக்கம் மட்டும் வரையுங்கள். பின்பக்கம் முழு நீலமாகத்தான் வரும், அதுதான் முறை. ஒரு நாள் முழுக்க வெயிலில் காயட்டும். தட்டினால் ‘டக்’ என்று கேட்க வேண்டும்.

நீலத் தொட்டி

யொருபா சாயக்காரப் பெண்கள் எலு என்ற செடியின் இளம் இலைகளை இடித்து உருண்டை பிடித்துக் காயவைப்பார்கள். அடியில் ஓட்டை போட்ட பானையில் சாம்பலை நிரப்பி, தண்ணீர் ஊற்றி, கீழ்ப்பானையில் சொட்டும் காரநீரில் அந்த உருண்டைகளைப் பல நாள் புளிக்கவிடுவார்கள். கைத்தொழில் செய்யும் பெண்களுக்குக் காவலான இயா மாப்போவை வணங்கிவிட்டுத்தான் பானையைத் தொடுவது வழக்கம். பிற்பாடு காஸ்டிக் சோடாவும் செயற்கை நீலமும் நுழைந்தன. 1930களில் அபெயோகுட்டா மன்னர் அவற்றைத் தடுக்கப்போக, பெண்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். நாள்கணக்கில் ஆகும் வேலை சீக்கிரம் முடிகிறதென்றால் யார்தான் விடுவார்கள்?

நமக்கு அவ்வளவு பாடில்லாத வழி: நீலத் தூளை வெதுவெதுப்பான நீரில் குழையுங்கள். 50 டிகிரிச் சூட்டில் 5 லிட்டர் தண்ணீரில் பிரக்டோஸைக் கரைத்து, நீலக் குழைவைச் சேர்த்து, கடைசியில் சுண்ணாம்பைத் தூவி மெதுவாகக் கலக்கி மூடிவையுங்கள். சாதாரணச் சர்க்கரை இங்கே உதவாது. நீலத்தை நீரில் கரையும் நிலைக்கு மாற்றும் வேலையை அது செய்யாது. ஓரிரு மணி நேரத்தில் மேலே செம்பு நிற ஆடை படியும். அதை விலக்கினால் கீழே மஞ்சள் கலந்த பச்சை தெரிய வேண்டும். நீலமாகவே இருந்தால் லேசாகச் சூடாக்கி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கி, தொட்டி நன்றாக ஆறிய பிறகே துணி உள்ளே போகலாம். சூட்டில் பசை கரைந்துவிடும்.

முக்குதல்

மற்ற நீலச் சாய வேலைகளில் துணியை முன்னதாக நனைத்துக்கொள்வோம். இங்கே கூடாது, பசை ஊறிவிடும். காய்ந்த துணியின் மேல்முனையைக் குச்சியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, அடியிலுள்ள வண்டல் படாமல் மெல்ல இறக்குங்கள். ஒரு நிமிடம் போதும். தூக்கியதும் பச்சையாக இருக்கும் துணி, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். பிழியவோ மடிக்கவோ வேண்டாம். பசை மறுபடி இறுகியதும் அடுத்த முக்கு. நான்கைந்து முக்கில் ஆழ்ந்த நிறம் வந்துவிடும். அதிக நேரம் ஊறப்போடுவதைவிடக் குறைந்த நேரம் பல தடவை முக்குவதே பசைக்கு நல்லது.

சுரண்டல்

ஒரு நாள் காயவிட்டு, மழுங்கிய கத்தியின் முதுகால் பசையைச் சுரண்டுங்கள். ஒட்டியிருப்பது தண்ணீரில் ஊறினால் வந்துவிடும். ஒரு கரண்டி வினிகர் கலந்த நீரில் அலசினால் சுண்ணாம்புக் காரம் போகும். பிறகு சோப்பு நீர்.

கோடுகள் தூய வெள்ளையாக வராது, வெளிர் நீலமாகத்தான் இருக்கும். பதற வேண்டாம். மரவள்ளிப் பசை கொஞ்சம் சாயத்தை உள்ளே விடும், எலேகோவின் அழகே அதுதான். பளிச்சென்ற வெள்ளை வேண்டுமென்றால் மெழுகுக்குப் போங்கள். அதிரே என்ற பெயரில் ஆலையில் அச்சடித்த துணிகளும் சந்தையில் கிடக்கின்றன. வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். பசையால் கைவரைந்த துணிக்கு முதுகு நீலமாக இருக்கும், ஆலை அச்சில் பெரும்பாலும் வெளிறிப் போயிருக்கும்.

தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். மூடிவைத்து, மறுபடி தேவைப்படும்போது வெதுவெதுப்பாக்கி இரண்டு ஸ்பூன் பிரக்டோஸ் போட்டால் எழும்பிவிடும். துணியை முதல் சில தடவை தனியாகத் துவையுங்கள், நிழலில் காயப்போடுங்கள்.