ராக் பேண்டுகளின் செய்தி வந்த பழைய பேப்பர்களைச் சேர்ப்பது எப்படி

பீட்டில்ஸோ ரோலிங் ஸ்டோன்ஸோ க்வீனோ, உங்களுக்குப் பிடித்த பேண்ட் எதுவாக இருந்தாலும் சரி, பேப்பர் வாங்க இறங்குவதற்கு முன்னால் தேதிகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்த நாளும் அது அச்சில் வந்த நாளும் ஒன்றாக இருக்காது, நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் நியூயார்க்கில் சுடப்பட்டது 1980 டிசம்பர் 8, இரவு 11 மணிக்குச் சற்று முன்னால். மறுநாள் காலைப் பேப்பர்களில் முன்கூட்டியே அச்சேறிய பதிப்புகளில் அந்தச் செய்தி இருக்க வழியில்லை, கடைசிப் பதிப்பைத்தான் தேட வேண்டும். லண்டனில் அப்போது விடிகாலை 4 மணி ஆகப்போகிறது, ஆகவே அங்கே 9-ம் தேதி மாலைப் பேப்பர்களும் 10-ம் தேதி காலைப் பேப்பர்களும்தான் முக்கியம். விற்பவரிடம் தேதியோடு நிற்காமல் எந்தப் பதிப்பு என்றும் கேளுங்கள், முதல் பக்கத்தின் தலைப்பகுதியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஆனால் மரணச் செய்தி வந்த பேப்பருக்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள் என்பேன். அன்றைக்கே ஏராளமானவர்கள் அதை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டார்கள், இன்றும் தேடினால் கிடைக்கிறது. எடுத்துவைக்க யாருக்கும் தோன்றாத பேப்பர்தான் உண்மையில் அரிது: பேண்ட் பெயர் வாங்குவதற்கு முன்னால் அதன் ஊர்ப் பேப்பரில் வந்த நாலு வரி, உள்பக்க மூலையில் ஒரு கச்சேரி விளம்பரம். 1961-ல் பீட்டில்ஸின் ஊரான லிவர்பூலில் தொடங்கிய மெர்ஸி பீட் என்ற இசைப் பேப்பர் அந்த வகை. அப்புறம் மெலடி மேக்கர், நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ், 1970 முதல் 1991 வரை வந்த சவுண்ட்ஸ் போன்ற இசை வாரப் பத்திரிகைகளையும் விடாதீர்கள்.

இனி, அசல்தானா என்று பார்ப்பது. பழைய பேப்பர் ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் பழுத்திருக்கும், மறுபதிப்பில் மஞ்சள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். மடிப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள்; பழைய பிரதியை ஸ்கேன் செய்து அச்சிட்டிருந்தால் கோடு கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தட்டாது. உள்பக்கங்களையும் புரட்டுங்கள், வரி விளம்பரமும் டிவி நிகழ்ச்சிப் பட்டியலும் அன்றைய தேதிக்குப் பொருந்த வேண்டும். நூலகங்கள் கழித்துவிட்ட பைண்டு வால்யூம்களிலிருந்து பிரித்தெடுத்தவை முத்திரையோடும் தையல் ஓட்டையோடும் வரும், அதற்காக ஒதுக்க வேண்டாம், வெளிச்சம் படாமல் இருந்ததால் உள்ளே தாள் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

பாதுகாப்பதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பேப்பர் செய்யும் மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுக்கும், கூடவே தாளில் அமிலமும் ஏறி முறுமுறுவென்று உடைய ஆரம்பிக்கும். அமிலமில்லாத அட்டைப் பெட்டியில், நிமிர்த்தி வைக்காமல் படுக்கவைத்து, பாலியஸ்டர் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். பிவிசி உறை வேண்டாம். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டுவதும் லேமினேட் செய்வதும் பேப்பரைக் கொல்வதற்குச் சமம், ஒருமுறை செய்தால் திரும்ப எடுக்கவே முடியாது. பேண்ட் செய்தியை மட்டும் கத்தரித்து வைக்கவும் கூடாது, முழுப் பேப்பருக்குத்தான் மதிப்பு. சுவரில் மாட்ட ஆசையென்றால் நல்ல கலர் நகல் எடுத்து ஃபிரேம் போடுங்கள், அசல் பெட்டியிலேயே இருக்கட்டும்.