சிகுரூப்பை எங்கே மவுன்ட் செய்வது? வழக்கமாக நடக்கும் தவறுகள்

லினக்ஸில் ஒரு புராசஸ் எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு எடுக்கலாம் என்று கட்டுப்படுத்துவது சிகுரூப். அது டைரக்டரியாகவும் ஃபைலாகவும் கண்ணுக்குத் தெரிவதால், எங்கே வேண்டுமானாலும் மவுன்ட் செய்து, அதாவது ஏதோ ஒரு டைரக்டரியில் பொருத்தி, வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிடுகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தடுக்காது. சிக்கல் பிறகுதான் வரும்.

முதல் தவறு, பழைய குறிப்பைப் பார்த்து இடத்தை முடிவு செய்வது. 2008-இல் கர்னல் 2.6.24-உடன் சிகுரூப் வந்தபோது இதற்கென்று தனி இடம் இல்லை. சிலர் /டெவ்/சிகுரூப் என்றார்கள், சிலர் ரூட்டிலேயே /சிகுரூப் என்று வைத்தார்கள், /எம்என்டி-க்குள் வைத்தவர்களும் உண்டு. எதுவும் பொருத்தமில்லை. /டெவ் என்பது டிவைஸ்களுக்கான இடம். /எம்என்டி, நிர்வாகி எதையாவது தற்காலிகமாக மவுன்ட் செய்வதற்கு. ரூட்டில் புதிய டைரக்டரி சேர்ப்பதை ஃபைல்சிஸ்டம் படிநிலைத் தரமே ஏற்பதில்லை. சரி, கர்னல் தன் தகவல்களைக் காட்டும் /சிஸ்-க்குள் வைக்கலாம் என்றால் அங்கே நாமாக டைரக்டரி உருவாக்க முடியாது. அதனால் 2010-இல், கர்னல் 2.6.36-இல், /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப் என்ற காலி டைரக்டரியைக் கர்னலே உருவாக்கிக் கொடுத்தது. இன்று மரபான இடம் அதுதான். நாமாக மவுன்ட் செய்ய நேர்ந்தால் அங்கேயே செய்வது நல்லது.

இடம் ஒன்றுதான் என்றாலும், உள்ளே இருப்பது எல்லாக் கணினியிலும் ஒன்றல்ல. பலர் சறுக்குவது இங்கேதான். சிகுரூப்பில் இரண்டு பதிப்புகள் உண்டு. முதல் பதிப்பில் மெமரி, சிபியு என்று ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் (ஒரு வளத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கும்) தனி டைரக்டரி இருக்கும். 2016-இல் கர்னல் 4.5-உடன் அதிகாரபூர்வமாக வந்த இரண்டாம் பதிப்பில் எல்லாம் ஒரே மரம். பழைய ஸ்கிரிப்ட் ஒன்று, /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்/மெமரி என்பதன் கீழே எம்கேடிர் கட்டளையால் டைரக்டரி உருவாக்குகிறது என்று வையுங்கள். இரண்டாம் பதிப்பில் அதற்கு '-பி' (இல்லாத மேல் டைரக்டரியையும் சேர்த்து உருவாக்கச் சொல்வது) சேர்த்திருந்தால் பிழையே வராது! 'மெமரி' என்ற பெயரில் புதிய சிகுரூப் ஒன்று பிறந்துவிடும். அடுத்து வரம்பை எழுதும் வரி மட்டும் தோற்கும். அந்தப் பிழையை ஸ்கிரிப்ட் கவனிக்காவிட்டால், வரம்பு இருப்பதாக நாம் நம்பிக்கொண்டிருப்போம், இருக்காது. எழுதும் முன் அங்கே மவுன்ட் ஆகியிருக்கும் ஃபைல்சிஸ்டத்தின் வகையைப் பாருங்கள். சிகுரூப்2 என்றால் இரண்டாம் பதிப்பு. டெம்ப்எஃப்எஸ் என்றால் பெரும்பாலும் பழையதோ, இரண்டும் கலந்ததோ.

"சோதனைக்குத்தானே, வேறு இடத்தில் தனியாக ஒன்று மவுன்ட் செய்துகொள்கிறேன்" என்பதும் ஆபத்தான யோசனை. இரண்டாம் பதிப்பை எத்தனை இடத்தில் மவுன்ட் செய்தாலும் காட்டுவது அதே மரத்தைத்தான். சோதனையில் கை வைப்பது ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளின் மேல். முதல் பதிப்பிலோ, ஒரு கன்ட்ரோலர் ஏற்கெனவே ஒரு மரத்தில் இருந்தால், அதை வேறு கன்ட்ரோலர்களோடு சேர்த்து மவுன்ட் செய்யும்போது 'பிஸி' என்று மறுத்துவிடும்.

இன்னொன்று, அந்த மரத்துக்கு ஏற்கெனவே ஒரு மேஸ்திரி இருக்கிறார். சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஓடும் கணினியில், மரத்தின் உச்சியில் போய் நேரடியாக டைரக்டரி உருவாக்காதீர்கள். சேவையின் அமைப்பை எழுதும் யூனிட் ஃபைலில் மெமரிமேக்ஸ் என்ற மெமரி வரம்பைக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. நிரலே துணைக் குழுக்களை அமைக்க வேண்டுமென்றால், யூனிட் ஃபைலின் 'டெலிகேட்' அமைப்பு மூலம் ஒரு கிளையைக் கேட்டு வாங்கி அதற்குள் மட்டும் வேலை செய்யட்டும். கையால் உருவாக்கியது ரீபூட்டில் போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நிரலுக்குள் பாத்தை நேராக எழுதிவைப்பதை விட /புராக்/செல்ஃப்/மவுன்ட்இன்ஃபோ ஃபைலைப் படித்து மவுன்ட் இடத்தையும், /புராக்/செல்ஃப்/சிகுரூப் ஃபைலில் நம் குழுவையும் அறிவதே முறை. கன்டெய்னருக்குள் (நிரலைத் தனிமைப்படுத்தி ஓட்டும் சூழலுக்குள்) இரண்டாவது ஃபைல் வெறும் '/' என்று காட்டலாம். அதை வைத்து, உண்மையான ரூட்டில் இருக்கிறோம் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் பதிப்பில் உண்மையான ரூட் சிகுரூப்பில் மெமரி.மேக்ஸ் ஃபைல் இருக்காது. கன்டெய்னருக்குள் அது இருந்தால், வெளியே யாரோ நமக்கு மேலே இருக்கிறார்கள்.