கறுப்புச் சட்டையில் மஞ்சள் ஏன் பச்சையடிக்கிறது? ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசம் நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊர்களில் கறுப்புச் சட்டையில் மஞ்சள் எழுத்து கேட்டு வருவார்கள். கறுப்புத் துணியில் மஞ்சள் மையை ஸ்க்ரீன் வழியாக நேராக இழுத்தால் பாசிப் பச்சைதான் வரும். உடனே மையைக் குறை சொல்லி, விலை கூடிய டின் வாங்குவது வீண் செலவு. துணியின் கறுப்பு மைக்குள் தெரிகிறது, அவ்வளவுதான். அதை மறைக்க அடியில் வெள்ளை வேண்டும்.

அந்த அடி வெள்ளையில்தான் பெரும்பாலான வேலை கெடுகிறது. பிளாஸ்டிசோல் (சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் மை) வெள்ளை கெட்டியானது. நுணுக்க மெஷ்ஷில் (ஸ்க்ரீனில் இழுத்துக் கட்டிய வலை) போதுமான அளவு இறங்காது. சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள மெஷ் போதும். மேல் வண்ணத்துக்கு 77 இழை. மறைக்கவில்லையே என்று ஸ்குவீஜியை (மையை இழுக்கும் ரப்பர் கட்டை) அழுத்தி இழுக்காதீர்கள். அழுத்தினால் மை துணிக்குள் புகுந்து சட்டையின் உள்பக்கம் போய்விடும். மேலே நிறம் மங்கும். மை துணியின் மேல் உட்கார வேண்டும். அதற்கு ஸ்க்ரீனுக்கும் துணிக்கும் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி, தொய்யாத மெஷ், முனை மழுங்காத ஸ்குவீஜி ரப்பர், இழுக்கும் முன் நன்றாகக் கிளறிய மை. துணி பலகையில் பசையால் ஒட்டியிருக்கட்டும். ஒட்டாவிட்டால் பஞ்சு நூல் மையைத் துளைத்துக்கொண்டு எழும்பி நிறத்தைக் கெடுக்கும்.

ஓர் இழுப்பு, பிளாஷ் ஹீட்டரில் (அச்சை மேலிருந்து சூடேற்றும் கருவி) காய்ச்சல், மறுபடி ஓர் இழுப்பு, மறுபடி காய்ச்சல். விரலில் ஒட்டாத நிலை வந்தால் நிறுத்திவிடுங்கள். வெள்ளை முழுதாக வெந்து (சூட்டில் இறுகி) விட்டால் மேலே போடும் மஞ்சள் பிடிக்காமல் உரியும். சில வினாடி ஆறவிட்டு அடுத்த ஸ்க்ரீனை இறக்குங்கள்; சூடான பலகை மெஷ்ஷிலேயே மையை இறுக வைத்துவிடும்.

மை கெட்டியாக இருக்கிறது என்று தின்னரோ மண்ணெண்ணெயோ ஊற்றுவது கூடவே கூடாது. பிளாஸ்டிசோலை இளக்கவென்று விற்கும் ரெடியூசரே எடையில் 5 சதவீதத்தைத் தாண்டினால் நிறம் நீர்த்து, மை சரியாக வேகாது.

கடைசிக் காய்ச்சலில் சாதாரண பிளாஸ்டிசோலின் முழுக் கனமும் 160 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். லேசர் தெர்மாமீட்டர் காட்டுவது மேற்பரப்பை மட்டும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய பருத்திச் சட்டை சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், நேரம் கூட்டுங்கள். ஆறிய பிறகு அச்சை இழுத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் வேகவில்லை, துவைத்தால் போய்விடும்.

காற்பந்து ஜெர்சிக்கு இந்தக் கணக்கு செல்லாது. பாலியெஸ்டரின் சாயம் சூட்டில் கிளம்பி மைக்குள் ஏறும். சிவப்பு ஜெர்சியில் அடித்த வெள்ளை எண் ரோஸ் ஆகிவிடும். சாயம் ஏறாத, குறைந்த சூட்டில் வேகும் மையை வாங்கி, டின்னில் போட்டிருக்கும் அளவோடு நிறுத்துங்கள். பலவற்றுக்கு 130 டிகிரி சுற்றில் போதும். சூட்டோடு அடுக்கி வைக்காதீர்கள். அடித்த அன்றே நிறம் மாறுவது தெரியாது. அதனால் மொத்த ஆர்டரை ஆரம்பிக்கும் முன் ஒரு ஜெர்சியை அடித்து, சில நாள் வைத்துப் பாருங்கள்.