டிசி மோட்டாரைக் கேட்ட கோணத்தில் நிறுத்துவது எப்படி? ஆர்டுயினோவும் என்கோடரும் வைத்து ஒரு செய்முறை

டிசி மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் சுற்றும், நிறுத்தினால் ஓய்ந்து நிற்கும். எந்தக் கோணத்தில் நின்றது என்பது அதற்கே தெரியாது. "கால் சுற்றுச் சுற்றி அங்கேயே நில்" என்று அதனிடம் சொல்ல வேண்டுமானால், அது எங்கே இருக்கிறது என்பதை நாம் இடைவிடாமல் அளந்துகொண்டிருக்க வேண்டும். இந்தச் செய்முறையில் பெரும்பகுதி அந்த அளவீட்டைப் பற்றியதுதான். அளவீடு சரியாக அமைந்துவிட்டால் மிச்சமிருப்பது சில வரிக் கணக்கு.

சிறு சர்வோ மோட்டார்களும் ஸ்டெப்பர் மோட்டார்களும் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். பொழுதுபோக்கு சர்வோ பெரும்பாலும் அரைச் சுற்றுக்குள் அடங்கிவிடும். ஸ்டெப்பர் பொதுவாக ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரித்து நகரும். ஆனால் சுமை கூடிப் படி தவறினால், தவறியது அதற்குத் தெரியாது. என்கோடர் (அச்சு எவ்வளவு சுற்றியது என்பதைத் துடிப்புகளாகச் சொல்லும் உணரி) பொருத்திய டிசி மோட்டாரைக் கையால் தள்ளிவிட்டாலும் அது தன் இடத்துக்குத் திரும்பி வரும். அதை ஒருமுறை பார்த்துவிட்டால் இந்த வழியின் அருமை புரியும்.

படி 1: பொருள்களும் ஒரு சிறு கணக்கும்

ஆர்டுயினோ ஊனோ ஆர்3 (நாம் எழுதும் நிரலை ஓட்டும் சிறு மின்னணுப் பலகை), 12 வோல்ட் கியர் மோட்டார் (பின்புறம் காந்தப்புலத்தை உணரும் ஹால் என்கோடர் உள்ளது), டிபி6612 மோட்டார் டிரைவர் (ஆர்டுயினோவின் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பது), 12 வோல்ட் மின்வழங்கி ஆகியவை போதும். பலர் எல்298 டிரைவரை வாங்குகிறார்கள். அது பழைய வகை டிரான்சிஸ்டர்களால் ஆனது. ஒரு ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 2 வோல்ட்டை வெப்பமாக விழுங்கிவிடும். சிறு மோட்டாருக்கு டிபி6612 மேலானது. அது தொடர்ந்து தாங்குவது 1.2 ஆம்பியர், சிறு கணத்துக்கு 3.2 ஆம்பியர். உங்கள் மோட்டார் தடைபட்டு நிற்கும்போது எவ்வளவு இழுக்கும் என்பதை விவரக்குறிப்பில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி கணக்கு. என்கோடர் மோட்டார் அச்சின் ஒரு சுற்றுக்கு 11 துடிப்புகள் தருவதாகவும், கியர் விகிதம் 34:1 என்றும் கொள்வோம். ஏ, பி என்ற இரண்டு தடங்களின் ஏற்ற இறக்கங்கள் அனைத்தையும் எண்ணினால், ஒரு துடிப்புக்கு நான்கு வீதம், 11 × 4 = 44. வெளி அச்சின் ஒரு சுற்றுக்கு 44 × 34 = 1496 எண்ணிக்கைகள். 360 பாகையை அதனால் வகுத்தால் ஓர் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ 0.24 பாகை. இதைவிட நுட்பமாக இந்த மோட்டாரிடம் எதிர்பார்க்க முடியாது. உங்கள் மோட்டாரின் எண்களை வைத்து இதை முதலில் கணக்கிட்டுவிடுங்கள்.

படி 2: இணைப்பு

என்கோடரின் ஏ தடம் 2-ஆம் முனைக்கு, பி தடம் 3-ஆம் முனைக்கு. இன்டரப்ட் என்பது, முனையில் மின்னழுத்தம் மாறிய உடனே நடக்கும் வேலையை இடைநிறுத்தி, நாம் எழுதிய சிறு நிரல்பகுதியை ஓட்டும் வசதி. ஊனோவில் அதை அமைக்கும் அட்டாச் இன்டரப்ட் கட்டளைக்கு இந்த இரண்டு முனைகள்தான் உண்டு. ஆகவே வேறு எதற்கும் இவற்றைக் கொடுக்காதீர்கள். டிரைவரின் வேக உள்ளீட்டை 9-ஆம் முனைக்கும், திசை உள்ளீடுகள் இரண்டையும் 7, 8 ஆகியவற்றுக்கும், ஸ்டாண்ட்பை முனையை 5 வோல்ட்டுக்கும் இணையுங்கள். டிரைவரின் தர்க்கப் பகுதிக்கும் என்கோடருக்கும் ஆர்டுயினோவின் 5 வோல்ட். மோட்டாருக்கு மட்டும் 12 வோல்ட்.

ஆர்டுயினோ, டிரைவர், 12 வோல்ட் மின்வழங்கி ஆகிய மூன்றின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். இது விடுபட்டால் மோட்டார் காரணமின்றித் துள்ளும், எண்ணிக்கை தானாக ஓடும்.

படி 3: எண்ணுவது

மோட்டாரை இப்போதைக்கு ஓட்ட வேண்டாம். அச்சைக் கையால் திருப்பி எண்ணிக்கையைச் சரிபார்ப்போம். 2, 3 முனைகளை உள் புல்-அப் மின்தடையுடன் (முனையை 5 வோல்ட்டுப் பக்கம் இழுத்து வைப்பது) உள்ளீடாக அமைத்து, இரண்டிலும் 'மாற்றம் நேரும்போதெல்லாம்' என்ற வகையில் இன்டரப்ட் வையுங்கள். ஏ மாறும்போது, மாறிய பின் ஏயும் பியும் வேறாக இருந்தால் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒன்றாக இருந்தால் கழிக்க வேண்டும். பி மாறும்போது இதற்கு நேர்மாறு: ஒன்றாக இருந்தால் கூட்டல், வேறாக இருந்தால் கழித்தல். திசை அறியும் வித்தை முழுவதும் இவ்வளவே.

தொடக்கநிலையில் இருப்பவர்களை அதிகம் அலைக்கழிக்கும் மூன்று செய்திகள் இங்கே இருக்கின்றன. எண்ணிக்கை மாறியை 'வோலடைல்' என்று அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பைலர் அதன் பழைய மதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கலாம். அது 'லாங்' வகையாக இருக்க வேண்டும்; ஊனோவின் 'இன்ட்' 32,767 வரைதான் எண்ணும், நம் மோட்டாரில் 22 சுற்றுக்குள் அது நிரம்பி எதிர்மறைக்குத் தாவிவிடும். மூன்றாவது எளிதில் கண்ணில் படாதது. ஊனோவின் செயலி 8 பிட் கொண்டது. நான்கு பைட் எண்ணை ஒவ்வொரு பைட்டாகத்தான் படிக்கும். பாதி படித்திருக்கும்போது இன்டரப்ட் வந்து எண்ணை மாற்றினால் அரைகுறையான மதிப்பு கிடைக்கும். ஆகவே இன்டரப்டை ஒரு கணம் நிறுத்தி, எண்ணை வேறொரு மாறியில் நகலெடுத்து, மறுபடி இயக்குங்கள்.

வெளி அச்சில் ஓர் அடையாளக் கோடு போட்டு, மெதுவாக ஒரு சுற்றுத் திருப்புங்கள். 1496-ஐ ஒட்டி வரவேண்டும். திரும்பக் கொண்டுவந்தால் பூஜ்யத்துக்கு வரவேண்டும். வரவில்லையென்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

வேகமாக ஓடும்போது ஊனோ தாக்குப்பிடிக்குமா? வெளி அச்சு நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 5,000 எண்ணிக்கைகள். இரண்டுக்கும் இடையில் 200 மைக்ரோ விநாடி. தாராளமாகப் போதும்.

படி 4: திசையைச் சோதிப்பது

வேகத்துக்கு 80 என்ற சிறு பிடபிள்யூஎம் மதிப்பைக் (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுக்கும் அளவு; 0 முதல் 255 வரை) கொடுத்து மோட்டாரை 'முன்னோக்கி' ஓட்டுங்கள். எண்ணிக்கை ஏறினால் சரி. இறங்கினால் மோட்டாரின் இரு கம்பிகளை இடம் மாற்றுங்கள். இதைச் செய்யாமல் கட்டுப்பாட்டைத் தொடங்கினால் மோட்டார் இலக்கை விட்டு முழு வேகத்தில் விலகி ஓடும்.

அப்படியே பிடபிள்யூஎம் மதிப்பைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, எந்த எண்ணில் அச்சு அசையத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 30 என்று வைத்துக்கொள்வோம். இந்த எண் விரைவில் தேவைப்படும்.

படி 5: கட்டுப்பாடு

ஒவ்வொரு 5 மில்லி விநாடிக்கும் ஒருமுறை: இலக்கிலிருந்து தற்போதைய எண்ணிக்கையைக் கழித்துப் பிழையைக் காணுங்கள். பிழையைக் கேபி (Kp) என்ற, நாமே தேர்ந்தெடுக்கும் எண்ணால் பெருக்குங்கள். இந்த விடையை விசை என்போம். அதன் குறி திசையைச் சொல்லும், அளவு கொடுக்க வேண்டிய பிடபிள்யூஎம் மதிப்பைச் சொல்லும். 255-க்கு மேல் போகாமல் வெட்டிவிடுங்கள். இந்த இடைவெளிக்கு நிரலை நிறுத்திவைக்கும் டிலே கட்டளை வேண்டாம். கடந்த நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேபி 0.5, இலக்கு 374, அதாவது கால் சுற்று. மோட்டார் கிளம்பி, இலக்குக்குச் சற்று முன்னால் நின்றுவிடக்கூடும். ஏன் என்று கணக்கே சொல்லும்: பிழை 60 ஆகும்போது விசை 30 ஆகிவிடுகிறது, அதற்குக் கீழே உராய்வை வெல்ல முடியாது. 60 எண்ணிக்கை என்பது 14 பாகைக்கும் மேல்! கேபியை 3 ஆக்கினால் இந்தக் குறை 10 எண்ணிக்கைக்குச் சுருங்கும். ஆனால் மோட்டார் இலக்கைத் தாண்டி ஓடி, திரும்பி வந்து, ஊசலாடத் தொடங்கலாம்.

ஊசலை அடக்குவது கேடி (Kd) என்ற இன்னோர் எண். கடந்த 5 மில்லி விநாடியில் எண்ணிக்கை எவ்வளவு மாறியது என்று பார்த்து, அதைக் கேடியால் பெருக்கி விசையிலிருந்து கழியுங்கள். வேகமாக நெருங்கும்போது இது முன்கூட்டியே பிரேக் பிடிக்கும். பிழையின் மாற்றத்தைவிட எண்ணிக்கையின் மாற்றத்தைப் பயன்படுத்துவதே நல்லது. இலக்கைத் திடீரென்று மாற்றும்போது மோட்டார் உதறாது. கப்பலின் சுக்கானைப் பிடிக்கும் மாலுமிகள் விலகலை மட்டுமல்லாமல், கப்பல் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதையும் பார்த்தே திருத்துகிறார்கள் என்பதை நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922-இல் கணிதமாக எழுதினார். நாம் இங்கே எழுதும் கழித்தல் அந்த மரபில் வந்ததுதான்.

எஞ்சும் சிறு பிழைக்குக் கேஐ (Ki) சேர்க்கச் சொல்வது வழக்கம்; அதாவது பிழையைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வந்து, அந்தத் தொகையைக் கேஐயால் பெருக்கி விசையுடன் சேர்ப்பது. உராய்வு அதிகமுள்ள கியர் மோட்டாரில் நான் அதை முதலில் பரிந்துரைக்க மாட்டேன். பிழை சிறிது சிறிதாகச் சேர்ந்து, மோட்டார் சட்டென்று விடுபட்டு, இலக்கைத் தாண்டி நின்று, மறுபடி எதிர்ப்பக்கம் சேரத் தொடங்கும்; அச்சு ஓயாமல் முன்னும் பின்னும் தவிக்கும். அதற்குப் பதில், பிழை 2 எண்ணிக்கைக்கு மேல் இருக்கும்போது, முன்பு குறித்த 30-ஐ அதே திசையில் விசையுடன் கூட்டுங்கள். 2-க்குள் வந்ததும் விசையைப் பூஜ்யமாக்குங்கள். அரைப் பாகைக்குள் அமைதியாக நிற்கும். தொடர்ந்து ஒரு பக்கம் இழுக்கும் சுமை இருந்தால் மட்டும் கேஐ சேர்த்து, அதன் கூட்டுத்தொகைக்கு ஓர் உச்சவரம்பும் வையுங்கள்.

சரிசெய்யும்போது ஆர்டுயினோ மென்பொருளின் சீரியல் பிளாட்டர் என்ற வரைபடச் சாளரத்தில் இலக்கையும் எண்ணிக்கையையும் வரைந்து பாருங்கள். விநாடிக்கு 9600 பிட் என்ற சீரியல் வேகத்தில் 5 மில்லி விநாடிக்குள் ஐந்து எழுத்துகள்கூட வெளியே போகாது, கட்டுப்பாடே தடுமாறும்; 115200 வையுங்கள்.

படி 6: என்கோடர் பார்க்காதவை

என்கோடர் மோட்டாரின் அச்சில் இருக்கிறது. பல்சக்கரங்களுக்கு இடையிலுள்ள தளர்வு அதற்குத் தெரியாது. எண்ணிக்கை மிகச் சரியாக இருந்தும் வெளி அச்சைக் கையால் அசைத்தால் சற்று ஆடும். ஒவ்வோர் இலக்கையும் ஒரே திசையிலிருந்து நெருங்கினால் இதன் பாதிப்பு பெரிதும் குறையும்: பின்னோக்கி வரும்போது இலக்கைக் கொஞ்சம் கடந்து சென்று, முன்னோக்கித் திரும்பி நில்லுங்கள்.

மின்சாரம் போய் வந்தால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அச்சு எங்கே இருந்தாலும். அதனால் ஓர் எல்லைச் சுவிட்சைப் பொருத்தி, நிரல் தொடங்கியதும் மோட்டாரை அதை நோக்கி மெதுவாக ஓட்டுங்கள். சுவிட்ச் அழுந்தியதும் சற்றுப் பின்வாங்கி, இன்னும் மெதுவாக மறுபடி தொட்டு, அந்த இடத்தில் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குங்கள்.