ஸ்டேனேஜ் பாறைச் சுவரடியில் ஒரு நாள் நடை: குழுவாகப் போகும் புதியவர்களுக்கு

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில், ஹாதர்சேஜ் ஊருக்கு வடக்கே, சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது ஸ்டேனேஜ் எட்ஜ். கிரிட்ஸ்டோன் என்ற சொரசொரப்பான மணற்கல் பாறைச் சுவர் அது. பாறை ஏறுபவர்களுக்குப் பேர்போன இடம். நடக்க வருகிறவர்களில் பலர் மேல் விளிம்போடு போய்விடுவார்கள். சுவரடிப் பாதை வேறு மாதிரி. தலைக்கு மேலே ஆட்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள், காலடியில் பாறாங்கற்கள் புரண்டு கிடக்கும்.

1. நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஹாதர்சேஜ் ரயில் நிலையத்தில் தொடங்கி, நார்த் லீஸ் ஹால், ஹாலின் பேங்க், பிளான்டேஷன் மரத்தோப்பு வழியாகச் சுவரடிக்கு ஏறுங்கள். அடியோடு வடமேற்கே ஹை நெப் வரை போய், லாங் காஸ்வே என்ற பழைய வண்டிப்பாதையில் இறங்கித் திரும்பினால் சுமார் 15 கி.மீ., ஏற்றம் ஏறத்தாழ 300 மீட்டர். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்குப்படி 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. ஆக மூன்றரை மணி நேரம். இதை நம்பிப் புறப்படாதீர்கள். அது நிற்காமல் நடக்கிற பழகிய காலுக்கான கணக்கு. பாறாங்கற்களுக்கு நடுவே வேகம் பாதியாகும்; பத்துப் பேர் என்றால் யாராவது ஒருவர் ஷூ கட்டிக்கொண்டே இருப்பார். ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஆகவே புதியவர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரையே நல்லது.

2. பையில் என்ன

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், மதியச் சாப்பாடு, மழைக்கோட்டு, ஒரு கம்பளி அல்லது ஃப்ளீஸ் சட்டை, கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ். ஜீன்ஸ் வேண்டாம்: நனைந்தால் காயாது, விளிம்புக் காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். குழுவுக்குப் பொதுவாக பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்1 (OL1) வரைபடம், திசைகாட்டி, விசில், முதலுதவிப் பெட்டி, இரண்டு தலைவிளக்கு.

3. வரிசை

பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். முன்னால் வழி தெரிந்தவர், கடைசியில் அனுபவமுள்ள ஒருவர். மிக மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்ததாக நிறுத்துங்கள். பின்னால் விட்டால் அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வு முடித்துக் கிளம்பியிருப்பார்கள். அவருக்கு ஓய்வே கிடைக்காது. ஒவ்வொரு கேட்டிலும், பாதை பிரியும் இடத்திலும் தலையெண்ணுங்கள்.

4. சுவரடியில் நடப்பது

கிரிட்ஸ்டோன் பொதுவாக உறுதியானது. பாறை தானாக உடைந்து விழுவது அபூர்வம். விழுவது பெரும்பாலும் ஆட்கள் தட்டிவிடுவதுதான்: கைநழுவிய காரபினர் (கயிறு மாட்டும் உலோகக் கொக்கி), விளிம்பில் நடப்பவர் காலில் பட்ட கல், மேலிருந்து வீசிய கயிறு.

ஆகவே பாதை இடம் கொடுக்கும் வரை சுவரைவிட்டுப் பத்து மீட்டராவது தள்ளி நடங்கள். சுவரை ஒட்டியே போக வேண்டிய இடத்தில், மேலே யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கடந்து போங்கள். நடுவில் நின்று படம் எடுக்க வேண்டாம்.

“பிலோ!” (below, ‘கீழே’) என்று மேலிருந்து கத்தினால் ஏதோ விழுகிறது என்று பொருள். உடனே அண்ணாந்து பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு, முகத்தில் வாங்குவீர்கள். சுவர் எட்டும் தூரத்தில் இருந்தால் அதோடு ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பையைத் தலைக்கு மேல் பிடித்துக் குனியுங்கள். “ரோப் பிலோ!” என்றால் கயிறு வருகிறது.

தரையில் கிடக்கும் கயிற்றை மிதிக்காதீர்கள். மணல் துகள் இழைக்குள் புகுந்து அறுக்கும். கீழே கயிறு பிடித்து நிற்பவரிடம் வழி கேட்காதீர்கள், அவர் கவனம் மேலே இருக்கட்டும்.

பாறைப் பிளவுகளில் குறுக்குவழியாக விளிம்புக்கு ஏறும் ஆசை வரும். விடுங்கள். ஏறுவது எளிது, பாதியில் சிக்கினால் இறங்குவது கடினம். மழைக்குப் பின் பாசி படிந்த பாறை சறுக்கும்.

ஹை நெப் அடியில் எடுத்துச் செல்ல ஆளில்லாமல் விடப்பட்ட ஆலைக்கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன. சாப்பிட உட்கார நல்ல இடம், சுவரிலிருந்தும் போதிய தூரம்.

5. பறவையும் நாயும்

வசந்தத்தில் ரிங் ஊசல் (ring ouzel) என்ற பறவைகள் பாறை இடுக்குகளில் கூடு கட்டும். அறிவிப்புப் பலகை கண்டால் அந்தப் பகுதியைச் சுற்றிப் போங்கள். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இந்தத் திறந்தவெளியில் நாயைக் குட்டைக் கயிற்றில்தான் வைத்திருக்க வேண்டும்.

6. யாருக்காவது அடிபட்டால்

999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) கேளுங்கள். வரைபடக் கட்ட எண்ணைத் தயாராக வைத்திருங்கள். சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிட இடைவெளி, மறுபடியும் ஆறு. மூன்று விசில் பதில் வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். அப்போதும் ஊதுவதை நிறுத்தாதீர்கள், அவர்கள் ஒலியை வைத்துத்தான் வந்து சேர வேண்டும்.

7. திரும்பிய பிறகு

கோடையில் பிராக்கன் பெரணி தோளளவு வளர்ந்திருக்கும். அதில் உண்ணி இருக்கும். முழுக்கால் சட்டையைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். இரவு முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பாருங்கள். ஒட்டியிருந்தால் மெல்லிய முனைச் சிமிட்டாவால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் டாக்டரைப் பாருங்கள். உண்ணிக்கடியால் வரும் லைம் நோயாக இருக்கலாம்.